துளிர் விடும் மாதங்கள்: வீட்டு மரங்களுக்கு மாசி முதல் சித்திரை வரை

மாசி பிறந்ததும் வேப்பமரம் இலையைக் கொட்டத் தொடங்கும். காலையில் கூட்டிய வாசல் மத்தியானத்துக்குள் மறுபடி மஞ்சளாகிவிடும். பங்குனி நடுவில் அண்ணாந்து பார்த்தால் அதே மரம் செம்பு நிறக் கொழுந்தோடு நிற்கும், சித்திரையில் பூத்துவிடும். புங்க மரமும் அப்படித்தான். இத்தனைக்கும் நல்ல மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், மண் காய்ந்து வெடித்திருக்கும். தண்ணீர் குறைந்துகொண்டே போகிற காலத்தில் மரம் ஏன் புது இலை விடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், இந்த மாதங்களில் மரத்துக்கு எதைச் செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதில் பாதி தானாக விளங்கிவிடும்.

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் மரம் வேலையை மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் மாசி முதல் சித்திரை வரை, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மே நடு வரை, தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டைச் சுற்றி நிற்கும் மா, எலுமிச்சை, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை, தென்னை போன்ற மரங்களுக்கானது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிரும் மழையும் வேறு. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

கையிருப்பில் நடக்கும் வேலை

இலை உதிர்ந்ததும் மரத்திலிருந்து ஆவியாகும் தண்ணீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வேர் ஆழத்திலிருந்து எடுக்கும் கொஞ்சத் தண்ணீரும் அடிமரத்திலும் கிளையிலும் சேர்ந்துகொண்டே வரும். பகல் நேரம் நீளத் தொடங்கியதும் மொட்டு விழித்துக்கொள்கிறது. தண்ணீர் இப்படிக் கிடைத்துவிடுகிறது, உணவு? இலை இல்லாத மரம் சமைக்க முடியாது. சென்ற மழைக்காலத்தில் சமைத்து வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தாகப் போட்டு வைத்ததைத்தான் கரைத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. மா, எலுமிச்சை போல எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்களிலும் இதே கதைதான். பழைய இலை கொஞ்சம் சமைத்துக் கொடுக்கும், மீதி கையிருப்பு.

புது இலை பிறந்த உடனே மரத்துக்குச் சம்பாதித்துக் கொடுப்பதில்லை. முதல் சில வாரம் அது வாங்கித் தின்னும் பிள்ளை. மாங்கொழுந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: செம்பழுப்பு நிறம், துணி போல் துவண்டு தலைகீழாகத் தொங்கும், விரலில் தேய்த்தால் மெழுகு பூசியது போல் வழுக்கும். தண்ணீர் இல்லாமல் வாடுகிறது என்று நினைத்துப் பலர் குடம் குடமாக ஊற்றிவிடுகிறார்கள். அது வாட்டம் இல்லை. அந்தச் சிவப்பு, இளம் இலையை வெயிலிலிருந்து காக்கும் நிறமி. இரண்டு மூன்று வாரத்தில் இலை நிமிர்ந்து, வெளிர்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகத் தடிக்கும். அப்போதுதான் சம்பாத்தியம் தொடங்குகிறது.

ஆக, மாசியிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை மரத்துக்குச் செலவு அதிகம், வரவு குறைவு. இந்த நேரத்தில் பெரிய கிளையை வெட்டினால் கையிருப்பும் போகிறது, அதைச் செலவழித்து விட்ட கொழுந்தும் போகிறது. அடியில் ஆழமாகக் கொத்தினால் தண்ணீர் எடுக்கும் சல்லிவேர் அறுகிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் தேவைக்கு மேல் கொழுந்து கிளம்பி, இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும். தோட்டக் கலையில் வசந்த வேலை என்றால் வெட்டுவது, கொத்துவது, உரம் வைப்பது என்று குளிர் நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அங்கே பனி உருகி மண் ஈரமாக இருக்கும், பின்னால் மிதமான வெயில் வரும். இங்கே பின்னால் வருவது கத்திரி. அதனால் நம் ஊரில் இந்த மாதங்களின் முதல் வேலை தண்ணீர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தூரில் ஊற்றாதீர்கள்

வீட்டு மரங்களுக்கு நடக்கும் தவறுகளில் மிகப் பரவலானது, தண்ணீரை அடிமரத்தை ஒட்டி ஊற்றுவது. தூரை ஒட்டி இருப்பவை தடித்த வேர்கள். மரத்தைத் தாங்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. தண்ணீரும் சத்தும் எடுப்பது நுனியில் இருக்கும் நூல் போன்ற சல்லிவேர். அவை பெரும்பாலும் மேல் மண்ணில், ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குள், மரத்தின் கிளை பரவிய அளவுக்கும் அதைத் தாண்டியும் கிடக்கும். உச்சி வெயிலில் மரத்தடி நிழல் எதுவரை விழுகிறதோ அந்த விளிம்பை ஒரு குச்சியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்தால் இலையிலிருந்து நீர் சொட்டுவதும் அந்தக் கோட்டில்தான். தண்ணீர், உரம், மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் சருகு) மூன்றும் போக வேண்டிய இடம், அந்தக் கோட்டுக்கு உள்ளே இரண்டடி, வெளியே ஓரடி.

பாத்தி கட்டும்போது இரண்டு வட்டமாகக் கட்டுவது நல்லது. அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி ஒரு சின்னக் கரை. நிழல் விளிம்புக்கு ஓரடி வெளியே வெளிக்கரை. இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் நிற்க வேண்டும். உள்கரைக்குள் மண் தூரை நோக்கிச் சற்று மேடாக இருக்கட்டும். எலுமிச்சைக்கு இது கட்டாயம். தூர் தொடர்ந்து நனைந்துகொண்டே இருந்தால் மண்ணில் உள்ள பூசணம் பட்டைக்குள் ஏறி, தேன் நிறத்தில் பிசின் வடியத் தொடங்கும். பட்டை சுற்றிலும் அழுகிவிட்டால் மரம் மேலே பச்சையாக இருக்கும்போதே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திக்காக மண் வாரும்போது இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் ஆழம் போகாதீர்கள். தேவையான மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து கரை கட்டுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். சமவெளியில் பங்குனி, சித்திரையில் நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது. உங்கள் மரத்தின் நிழல் 3 மீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு ஏறக்குறைய 7 சதுர மீட்டர். 7-ஐ 5-ஆல் பெருக்க 35. மரம் எடுப்பது அதில் அறுபது, எழுபது விழுக்காடு. அதாவது நாளுக்கு 20 முதல் 25 லிட்டர். இதைத் தினமும் ஊற்ற வேண்டாம். ஐந்து நாளைக்கு ஒருமுறை 100 முதல் 125 லிட்டர், 15 லிட்டர் வாளியில் ஏழு எட்டு வாளி. செம்மண், மணல் கலந்த மண் என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை. களிமண், கரிசல் என்றால் எட்டு நாள், பத்து நாள்கூடத் தாங்கும்.

தினமும் ஒரு வாளி என்று பழக்கினால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும், வேரும் அங்கேயே ஏறி வரும். சித்திரை வெயிலில் முதலில் சுடுவது அந்த இரண்டு அங்குலத்தைத்தான். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் மரம் துவண்டிருக்கும். ஊற்றிய தண்ணீர் எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க, மறுநாள் காலை ஒரு கட்டுமானக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஈரம் உள்ளவரை எளிதாக இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். ஓரடி இறங்கினால் போதுமான தண்ணீர்.

அடுத்த தண்ணீர் எப்போது என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்வதானால் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எந்த மரமும் சற்று வாடித்தான் நிற்கும். வேர் தண்ணீர் கொடுக்கும் வேகத்தைவிட இலை அதை ஆவியாக விடும் வேகம் அப்போது அதிகம், அவ்வளவுதான். விடிகாலையிலும் இலை நிமிராமல் இருந்தால்தான் மண்ணில் ஈரம் தீர்ந்திருக்கிறது.

எந்தத் தண்ணீர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் உப்பு செறிவாக இருக்கும். அதையே நாள்தோறும் ஒரு மரத்துக்கு விட்டால், ஓராண்டில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகத் தொடங்கும். எலுமிச்சையும் மாவும் முதலில் காட்டிக்கொடுக்கும், தென்னை நெடுநாள் தாங்கும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள், அதுவும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி. துணி துவைத்த சோப்புத் தண்ணீர் எந்தப் பழ மரத்துக்கும் வேண்டாம்; அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. பிடித்து வைத்து எலுமிச்சைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றலாம்.

மாமரத்துக்கு மட்டும் தனி விதி. பூ எடுக்கும் முன் தண்ணீர் கொடுத்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளிவிடும். அதனால் மார்கழி, தையில் அதைக் காயப் போடுகிறோம். பூங்கொத்து விரிந்து, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் தொடங்குங்கள், தொடங்கியதை விடாதீர்கள். மூன்று வாரம் காயப்போட்டு ஒரே நாளில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் பிஞ்சு மொத்தமாகக் கொட்டும். வழக்கமான உதிர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கலாம், பெரும்பகுதி ஆண் பூ. கடைசியில் ஒரு காயோ இரண்டு காயோ நின்றால் அது நல்ல கொத்து. மீதியைப் பொறுக்கி வடு ஊறுகாய் போட வேண்டியதுதான்.

மூடாக்கு

ஊற்றிய தண்ணீரில் கணிசமான பங்கு வெறும் மண்ணிலிருந்தே ஆவியாகிப் போய்விடும். அதைத் தடுக்க, கூட்டிக் குவிக்கும் சருகே போதும். வேப்பிலை, புங்கன் இலை, காய்ந்த புல், தென்னை மட்டையைத் துண்டாக்கியது, எதுவானாலும் 3 முதல் 4 அங்குல உயரத்துக்குப் பாத்தி முழுவதும் பரப்புங்கள். முதலில் தண்ணீர் விட்டு, பிறகு பரப்ப வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சல்தான் உள்ளே பத்திரமாக இருக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் காலியாக விடுங்கள். சருகு பட்டையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் கரையான் மண் பூசி மேலே ஏறும்.

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை தெளிவானது: தூரிலிருந்து 1.8 மீட்டர், அதாவது ஆறடி ஆரத்துக்கு வட்டப் பாத்தி. அதில் 100 தேங்காய் மட்டைகளை முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்க வேண்டும். மட்டை இல்லை என்றால் காய்ந்த தென்னை ஓலை 15, அல்லது தென்னை நார்க்கழிவு 10 செ.மீ. உயரத்துக்கு.

சருகைக் கூட்டிக் கொளுத்துவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். மரம் கொட்டியது மரத்தின் காலடிக்கே போக வேண்டியது. அதைச் சாம்பலாக்கிவிட்டுக் கடையில் போய் உரம் வாங்குவதில் நியாயமே இல்லை.

எங்கே பூக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள்

இந்த மாதங்களில் அரிவாளைத் தூக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்த மரம் பழைய கொப்பின் நுனியில் பூக்கிறதா, புதுத் தளிரில் பூக்கிறதா?

மா, முற்றிய கொப்பின் நுனியில் பூக்கும். இப்போது வெட்டினால் காயை வெட்டுகிறோம். அதற்குக் கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீராக்குவது, அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில். ஆனால் ஒட்டுக்கன்று வைத்தவர்கள் இப்போது குனிந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, தூரிலிருந்து விறுவிறுவென்று ஒரு தளிர் கிளம்பியிருக்கும். அது வேர்ச்செடியின் தளிர், உங்கள் அல்போன்சாவோ இமாம்பசந்தோ இல்லை. விட்டுவைத்தால் மேலே உள்ள ஒட்டைப் பட்டினி போட்டு, சில ஆண்டில் நாட்டு மாமரம் ஒன்று நிற்கும். கட்டைவிரல் பருமன் ஆவதற்குள் அடியோடு கிள்ளிவிடுங்கள்.

கொய்யா நேர் எதிர். அது புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் பிப்ரவரி–மார்ச்சில் ஒருமுறை, செப்டம்பர்–அக்டோபரில் ஒருமுறை, சென்ற பருவத்தில் வளர்ந்த நுனிக் கொப்புகளை 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிடலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று பக்கக் கிளை வரும், ஒவ்வொன்றிலும் பூ வரும். வெட்டாத கொய்யா உயர உயரப் போய், அணில் மட்டும் எட்டும் இடத்தில் காய்க்கும். கறிவேப்பிலையும் இப்போது வெட்டத் தகுந்ததுதான். இலைக்காகவே வளர்ப்பதால் பூங்கொத்து வந்ததும் கிள்ளிவிட்டால் தளிர் நிறைய வரும். இந்த இரண்டையும் வெட்டலாம் என்பதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு: வெட்டுவதற்கு இரண்டு நாள் முன் நிறையத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

எலுமிச்சையில் காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கொப்பு, நீர்ப்போத்து மூன்றை மட்டும் எடுங்கள். நீர்ப்போத்தை அடையாளம் காண்பது சுலபம்: கிளையின் முதுகிலிருந்து நெட்டுக்குத்தாகக் கிளம்பும், நீண்ட முள், பெரிய இலை, தண்டு மூன்று பட்டையாக இருக்கும், காய்க்காது. தரையிலிருந்து 45 செ.மீ. வரை அடிமரத்தில் எந்தப் பக்கக் கிளையும் வேண்டாம். முருங்கைக்குக் காய்ப்பு முடியட்டும். பி.கே.எம்.-1 போன்ற செடி முருங்கையை அறுவடைக்குப் பிறகு தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். ஆனால் முருங்கை, கிளை எளிதில் முறியும் மரம். கோடை மழைக்கு முன் வரும் சுழற்காற்றில் வீட்டுக் கூரை மேலோ மின்கம்பி மேலோ சாயும் கிளையைக் காய் இருந்தாலும் எடுத்துவிடுவதே புத்தி.

காய்ந்த பெரிய கிளையை அறுக்க வேண்டி வந்தால் மூன்று வெட்டாக அறுங்கள். கிளை பிறக்கும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்பக்கத்திலிருந்து கால் பங்கு ஆழம். பிறகு அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழுதாக. பாரம் விழுந்துவிடும், பட்டை உரியாது. அப்புறம் மிச்சமிருக்கும் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். அந்தக் கழுத்தை வெட்டக் கூடாது, நீண்ட கட்டையாகவும் விடக் கூடாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை, மரம் அழுகலைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி, மேலே புது மரத்தால் மூடுகிறது. அந்தச் சுவர் எழும்பும் இடம் கழுத்து. அதைச் சீவி எடுத்துவிட்டால் அடிமரத்துக்குள் அழுகல் போக வழி திறந்துவிடுகிறோம்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்குத்தான் உதவும். விரல் பருமன் வெட்டுக்கு ஒன்றுமே தேவையில்லை. எலுமிச்சையிலும் மாவிலும் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வெட்டு என்றால் பூசணத்தைத் தடுக்கும் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு வாளியில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு நீற்றி ஆறவிடுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும்.

கவாத்தால் திடீரென்று வெயில் படும் அடிமரத்துக்கும் தடித்த கிளையின் முதுகுக்கும் நீர்த்த சுண்ணாம்பு அடிப்பது நல்ல வழக்கம். அது அழகுக்கு இல்லை. மேற்கு வெயிலில் பட்டை வெந்து வெடிக்காமல் இருக்க.

உரம்: எதற்கு, எப்போது

காய்ந்த மண்ணில் இரசாயன உரம் போடக் கூடாது. உரம் என்பது உப்பு; ஊறுகாய்க்கு உப்பு போட்டால் காய் நீர் விடுகிற மாதிரி, வேரிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடும். இலை ஓரம் இரண்டே நாளில் தீய்ந்துபோகும். முதல் நாள் தண்ணீர், மறுநாள் உரம், உடனே மறுபடி தண்ணீர். இதற்குத் தண்ணீர் இல்லை என்றால் இந்தப் பருவத்தில் உரமே வேண்டாம்.

மாவுக்கு உரக் காலம் செப்டம்பர்–அக்டோபர், இப்போது இல்லை. கொய்யாவுக்கு மார்ச், அக்டோபர் இரண்டு தவணை. காய்க்கும் மரத்துக்குத் தோப்பில் ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரமும், தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) ஒவ்வொன்றும் ஒரு கிலோவும் என்பது பரிந்துரை. மார்ச்சில் அதில் பாதி. வீட்டில் நிற்கும் சிறிய கொய்யாவுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் நிழல் விளிம்பில் தூவி, களைக்கொத்தியால் லேசாக மண்ணோடு கலந்து, மூடாக்கைத் திரும்பப் போட்டால் தாராளம். தொழுவுரம் மக்கியதாக இருக்க வேண்டும்: கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் போல வாசனையாக. பச்சைச் சாணம் சூடு கிளப்பும். அதைவிட, சாணக் குவியலில்தான் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

எலுமிச்சையில் புது இலை சிறுத்து, குறுகி, நரம்புகள் பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் வந்தால் அது துத்தநாகக் குறை. அதற்கு யூரியா போட்டு ஒன்றும் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, புதுத்துளிர் வந்த பிறகு மாலையில் இலையின் இரு பக்கமும் தெளிக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை: மார்ச், ஜூலை, அக்டோபர். மஞ்சள் எந்த இலையில் என்று பார்ப்பதே அரைப் பங்கு வைத்தியம். அடியில் உள்ள பழைய இலை ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனிக் கொழுந்து வெளுத்தால் இரும்போ துத்தநாகமோ. நம் ஊரில் சுண்ணாம்பு மண்ணும் போர் தண்ணீரும் இருக்கும் இடங்களில் இது அடிக்கடி வரும். சத்து மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் இலை வழியாகக் கொடுக்கிறோம்.

கொழுந்தைத் தேடி வருபவை

முற்றிய இலையைக் கடிக்க முடியாத பூச்சிகள் எல்லாம் கொழுந்துக்காகக் காத்திருக்கும். எலுமிச்சை இளம் இலையில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போவது இலைத்துளைப்பான் புழு உள்ளேயே தின்றுகொண்டு போன பாதை. இலை சுருண்ட பிறகு மருந்து அடித்துப் பயனில்லை. தளிர் ஒரு அங்குலம் இருக்கும்போதே வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும், வாரம் ஒன்று என்று இரண்டு முறை. 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி சோப்புத் திரவத்தை முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பால் போல வர வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலவை சரியில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். வெயில் சாய்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும்.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இலை மேல் காக்கை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தால் பச்சையாகிவிடும், இலையோடு இலையாகத் தெரியாது. இரண்டு மூன்று இருந்தால் பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றாக இருந்தால் கையால் எடுத்துவிடுங்கள், மருந்து தேவையில்லை.

மாம்பூ கருகி, கொத்துக்குக் கீழே உள்ள இலை பிசுபிசுவென்று மின்னினால் தத்துப்பூச்சி. கொத்தைத் தட்டினால் கோதுமை மணி அளவில் படபடவென்று துள்ளும். அது கழிக்கும் இனிப்பு நீர் மேல் கரும்பூசணம் படரும். பூவில் வெள்ளை மாவு தூவியது போல் இருந்தால் சாம்பல் நோய்; லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) தெளிக்கலாம். ஆனால் நல்ல வெயில் ஏறிவிட்ட பங்குனிக்குப் பிறகு கந்தகம் இலையைச் சுட்டுவிடும், பூ தொடங்கும் தை, மாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மருந்தானாலும் விரிந்த பூ மேல் காலையில் அடிக்காதீர்கள். மாவுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் ஈக்கள். முருங்கைக்குப் பெரிய கருவண்டுத் தேனீ. அவற்றைக் கொன்றுவிட்டுப் பிஞ்சு பிடிக்கவில்லை என்று வருத்தப்பட்டு என்ன செய்ய?

தென்னை, கொய்யா, வாழை இலைகளின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாகப் படிந்திருப்பது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டு, பிறகு ஊரெங்கும் பரவிவிட்டது. இதற்கு இரசாயன மருந்து அடிப்பது பெரும் தவறு. இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்று இயற்கையாகவே நம் தோட்டங்களில் இருக்கிறது. மருந்து அதைத்தான் முதலில் கொல்லும். இலையின் அடிப்பக்கம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மேலே படிந்த கருப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய பசையை ஆறவைத்துத் தெளித்தால் காய்ந்ததும் கருப்போடு சேர்ந்து உரிந்து விழும்.

சித்திரையில் மாங்காய் பழுக்கத் தொடங்கியதும் பழ ஈ வந்துவிடும். கடைகளில் கிடைக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். தெருவில் நீங்கள் ஒருவர் மட்டும் கட்டினால் பலன் குறைவு. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவதுதான் உண்மையான மருந்து. புழு பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைக் குழியில் மேலாகப் போட்டால் அடுத்த பட்டாளத்தை வளர்த்த கணக்கு.

முதல் கோடையைக் காணும் கன்று

சென்ற ஐப்பசியில் நட்ட கன்றுக்கு மேலே சொன்ன ஐந்து நாள் கணக்கு பொருந்தாது. அதன் வேர் இன்னும் குழிக்குள்தான் இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை 8 முதல் 10 லிட்டர் வேண்டும். ஆள் இல்லாத வீடு என்றால் ஓரடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மெருகு போடாத பானையாக இருந்தால் சுவர் வழியே கசிந்துகொண்டே இருக்கும். மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றை நட்டு வைத்தால் பிற்பகல் வெயில் தடுக்கப்படும். நான்கு பக்கமும் மூடிக் கூண்டு கட்டாதீர்கள், காற்று இல்லாமல் மாவுப்பூச்சி ஏறும். முதல் இரண்டு மூன்று ஆண்டு ஒட்டு மாங்கன்று பூத்தால் பூவைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள், அந்தக் கையிருப்பு வேருக்குப் போகட்டும். கன்றைக் குச்சியோடு கட்டிய கயிறு பட்டைக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்து, எட்டு வடிவில் தளர்வாகத் திருப்பிக் கட்டுங்கள். பெரிய மரங்களில் கொடி கட்டிய கம்பி, விளக்குத் தொங்கவிட்ட ஆணி இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

சித்திரையில் ஒருநாள் மாலை இடியோடு மழை வரும். மறுநாள் தண்ணீர் விட வேண்டுமா என்று சந்தேகம் வரும். மொட்டை மாடியில் நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவை முன்னமே வைத்திருங்கள். அதில் 2 செ.மீ. தண்ணீர் நின்றால் 20 மில்லிமீட்டர் மழை. மூன்று மீட்டர் நிழல் உள்ள மரத்துக்கு 140 லிட்டர் விழுந்திருக்கிறது. இலையில் தங்கியது போனாலும் ஒரு சுற்றுத் தண்ணீர் மிச்சம். அரை செ.மீ.தான் நிற்கிறது என்றால் மூடாக்குக்கூட முழுதாக நனைந்திருக்காது. வழக்கம்போல் வாளியை எடுங்கள்.